பெட்டிக்குப் பூட்டு மட்டும் போதுமா?

குழுப் பெட்டி ஒருத்தரிடம், சாவி இன்னொருத்தரிடம் என்று வைத்துக்கொள்வது நமக்குப் பழக்கம். ஆனா பெட்டியைத் திறந்து பார்த்தவரே உள்ளே இருக்கும் சேதியை வெளியே சொல்லிவிட்டால், பூட்டு என்ன செய்யும்?

கம்ப்யூட்டரிலும் இதே சிக்கல்தான். இதற்கு வழி தேடியவர் ஒரு பெண்.

அவர் பெயர் டாரதி டென்னிங். 1945-இல் அமெரிக்காவில் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்தார். பிறகு பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். அப்போது ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தினார்கள். யார் எதைத் திறக்கலாம் என்று அனுமதி கொடுப்பது ஒரு காவல். திறந்த பிறகு அந்தத் தகவல் எங்கே போகிறது? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

அவர் சொன்ன வழி இது. ஒவ்வொரு தகவலையும் ஒரு படியில் வைக்க வேண்டும். ரகசியம் கூடக் கூட மேல் படி. கீழ்ப்படித் தகவல் மேலே போகலாம். மேல்படி ரகசியம் கீழே இறங்கக் கூடாது. புரோகிராமை ஓடவிடும் முன்பே, எந்த வரியில் ரகசியம் கசியும் என்று சோதிக்கலாம் என்றும் காட்டினார். 1975-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதோடு நிற்கவில்லை. திருடிய சாவியோடு ஒருத்தர் வந்தால்? 1987-இல் அதற்கும் ஒரு வழி எழுதினார். ஒருவரது வழக்கத்தைக் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும். அதற்கு மாறாக நடந்தால் எச்சரிக்கும். மாதம் ஒருமுறை பணம் எடுக்கும் கணக்கில் ஒரே நாளில் மூன்று முறை எடுத்தால் நாம கேட்க மாட்டோமா? அதே மாதிரிதான்.

நமக்கு என்ன பாடம்? செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணும், ஏடிஎம் ரகசிய எண்ணும் மேல்படித் தகவல். "பேங்க்ல இருந்து பேசுறோம்" என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. வங்கி ஊழியர் அதைக் கேட்கவே மாட்டார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் தடுக்க வழி இருக்கும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

1. நம் குழுத் தகவல்களில் எவை எல்லோருக்கும் தெரியலாம்? எவை வெளியே போகக் கூடாது?

2. குழுக் கணக்கின் வங்கிச் செய்தி யார் போனுக்கு வருகிறது? அதை மாதாமாதம் கூட்டத்தில் வாசிக்கிறோமா?

3. கணக்குப் பாடம் நன்றாக வரும் பெண்பிள்ளைகள் நம் ஊரில் யார் யார்? அவர்கள் மேலே படிக்க நாம் என்ன செய்யலாம்?