திரையின் விகிதம் என்ன? மீ.பொ.கா. சொல்லும்!

டெஸ்க்டாப்பில் குடும்பப் போட்டோவை 'ஸ்ட்ரெட்ச்' முறையில் வைத்ததும் எல்லோர் முகமும் அகன்று தெரிகிறதா? மானிட்டரில் பழுது எதுவும் இல்லை. போட்டோவின் அகல உயர விகிதம் வேறு, திரையின் விகிதம் வேறு. அவ்வளவுதான்.

விகிதத்தை அறியப் பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணி (மீ.பொ.கா.) போதும். இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண்களில் மிகப் பெரியதுதான் மீ.பொ.கா.

முதலில் டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' தேர்ந்தெடுங்கள். அதில் 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' பகுதியைப் பாருங்கள். அங்கே 1920 × 1080 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

காரணிகளைப் பட்டியல் போட வேண்டாம். கி.மு. 300 வாக்கில் வாழ்ந்த யூக்ளிட் தன் நூலில் தந்த வழி சுலபமானது. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுக்க வேண்டும். பின்பு, வகுத்த எண்ணை மீதியால் வகுக்க வேண்டும். மீதி 0 வரும்வரை இப்படியே தொடர வேண்டும்.

1920 ÷ 1080: மீதி 840
1080 ÷ 840: மீதி 240
840 ÷ 240: மீதி 120
240 ÷ 120: மீதி 0

கடைசியாக வகுத்த 120தான் மீ.பொ.கா. இரண்டு எண்களையும் 120ஆல் வகுத்தால் 16, 9 கிடைக்கும். ஆகவே திரையின் விகிதம் 16:9.

எக்ஸெல் இருந்தால் இன்னும் எளிது. ஏ1 செல்லில் 1920, பி1 செல்லில் 1080 என டைப் செய்யுங்கள். சி1 செல்லில் சமக்குறி போட்டு, ஜி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்யுங்கள். தொடர்ந்து அடைப்புக்குறிக்குள் ஏ1, பி1 என்று கமாவுடன் கொடுத்து என்டர் தட்டுங்கள். 120 வந்து நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இந்த ஃபங்ஷன் உண்டு.

இனி போட்டோவுக்கு வருவோம். அதன் அளவு 4000 × 3000 என்றால் மீ.பொ.கா. 1000, விகிதம் 4:3. இதைத் திரைக்குப் பொருத்த, 4000ஐ 16ஆல் வகுத்து 9ஆல் பெருக்குங்கள். விடை 2250. உயரத்தை 2250 ஆக 'கிராப்' செய்து வைத்தால் முகங்கள் இயல்பாகத் தெரியும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி: பல லேப்டாப்களில் உள்ள 1366 × 768 திரையின் மீ.பொ.கா. என்ன? 2 மட்டுமே! விகிதம் 683:384. இதையும் 16:9 என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது தோராயக் கணக்கு என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.