மனசுக்கும் ஒரு பரீட்சை

டில்லியில் மோதி பாக் என்று ஓர் இடம். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு. தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

ஒரு தாய் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வானத்தில் ஒரு விமானம் போனது. மகன் நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, நான் விமானி ஆகப் போறேன். ஆனா, கணக்கும் கண் பார்வையும் மட்டும் போதாதாம். மனசுக்கும் பரீட்சை உண்டாம்."

"மனசை எப்படிப்பா பரீட்சை பண்றது?"

நல்ல கேள்வி. நாமும் தெரிந்துகொள்வோம்.

விமானியை நம்பிப் பல உயிர்கள் பயணம் செய்கின்றன. அவர் ஆபத்தில் பதறக் கூடாது. உடன் இருப்பவர் சொல்வதையும் கேட்க வேண்டும். 1977-ல் டெனரீஃப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் இறந்தார்கள். அனுமதி வரும் முன்பே ஒரு விமானி புறப்பட்டுவிட்டார். உடன் இருந்தவர் சந்தேகம் கேட்டார். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

நம் விமானப் படைக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது மனச் சோதனை உண்டு. ஒரு சொல்லைக் காட்டுவார்கள். 15 விநாடிக்குள் மனதில் பட்டதை எழுத வேண்டும். ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். பலகையும் கயிறும் கொடுத்து, குழுவாகத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். யார் பொறுமைசாலி, யார் பிறரை மதிக்கிறார் என்பது அதில் தெரியும். டில்லி திமார்பூரில் உள்ள பாதுகாப்பு உளவியல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய சோதனைகளை உருவாக்குகிறது. பயணிகள் விமான நிறுவனங்கள் பலவும் இப்படிச் சோதிக்கின்றன.

ஆனால் ஒரு தடவை சோதித்தால் போதுமா? போதாது. 2015 மார்ச் 24 அன்று, ஐரோப்பாவில் ஒரு துணை விமானி வேண்டுமென்றே விமானத்தை மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அவர் தன் மன நோயை நிறுவனத்திடம் மறைத்திருந்தார். அதன் பிறகு ஐரோப்பாவில் விதிகள் கடுமையாயின. வேலையில் சேரும் முன் மனச் சோதனை கட்டாயம் ஆனது. மனம் சோர்ந்த விமானி பயமின்றி உதவி கேட்கவும் வழி செய்யப்பட்டது.

"சரிப்பா. அந்தப் பரீட்சையில தோத்துட்டா?"

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் விமானி ஆக ஆசைப்பட்டார். டேராடூனில் நடந்த தேர்வுக்குப் போனார். வந்தவர்கள் 25 பேர். இடங்கள் எட்டு. அவர் ஒன்பதாவது ஆள். மனம் உடைந்தார். ஆனாலும் 1958-ல் அரசு வேலையில் சேர்ந்து விஞ்ஞானி ஆனார். 2002-ல் குடியரசுத் தலைவர் ஆனார். 2006-ல், 74 வயதில், விமானப் படையின் சுகோய் விமானத்தில் பறந்தார்.

ஒரு வேலைக்கு ஏற்ற ஆள் யார் என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. நல்லவர் யார், கெட்டவர் யார் என்று அது சொல்லாது.

"அப்போ, உள்ளதை உள்ளபடி எழுதுப்பா" என்றாள் அம்மா.

கலந்து பேசுங்கள்:
1. விமானிக்குக் கைத்திறன் மட்டும் போதுமா? ஏன்?
2. மனம் சோர்ந்தால் நாம் யாரிடம் சொல்கிறோம்? ஏன் மறைக்கிறோம்?