மண்ணெண்ணெய்ப் படகு எஞ்சின்: நின்றபின் மறுபடி துவங்காதது ஏன்?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைக் கடலோரமான பூவாறு, பொழியூர் ஊர்களில் பணிபுரிவோர் இக்காட்சியைக் கண்டிருப்பர். வலையை எடுப்பதற்காகப் படகின் எஞ்சின் நிறுத்தப்படுகிறது. அரை மணி நேரம் மழை பெய்கிறது. பின்னர்க் கயிற்றைப் பத்து முறை, இருபது முறை இழுத்தும் எஞ்சின் துவங்குவதில்லை. இதற்குள் காற்று படகை அலை உடையும் இடத்திற்குத் தள்ளிவிடுகிறது. அங்கே அலைக்குக் குறுக்காகத் திரும்பும் படகு கவிழ்ந்துவிடும். ஆகவே இது யந்திரப் பழுதோடு நின்றுவிடும் விஷயமன்று.

படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்கள் இக்கரையில் 1980களில் பரவின. இவற்றுள் பலவும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆயினும் அவற்றைப் பெட்ரோலில்தான் துவக்குவர். சூடேறிய பிறகே குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்புவர். காரணம் யாது? திரவம் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகிறது. பூஜ்யத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி சென்டிகிரேடு குளிரிலும் பெட்ரோலிலிருந்து தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழும். மண்ணெண்ணெய்க்கோ குறைந்தது 35 டிகிரியேனும் வேண்டும். மழைக்காலத்துக் கடல் நீர் 30 டிகிரிக்கும் கீழே இருக்கிறது. அந்நீரே எஞ்சினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கிறது. நமக்கு இதமான அந்த நிலையே மண்ணெண்ணெய்க்குக் கடுங்குளிர். கனடா நாட்டுப் பனிவண்டியின் பெட்ரோல் எஞ்சின் உறைபனியில் படும் தொல்லையை, நம் படகு எஞ்சின் வெதுவெதுப்பான கடலிலேயே படுகிறது.

மண்ணெண்ணெயில் ஓடும்போதே எஞ்சின் நின்றுவிட்டால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் அது தங்கிவிடும். பெட்ரோலுக்குக் குழாயைத் திருப்பிவிட்டோமே என்று கயிற்றை இழுப்பவர் உண்மையில் பழைய மண்ணெண்ணெயையே உள்ளே இழுக்கிறார். அது ஆவியாகாமல் பிளக்கை நனைக்கிறது. இழுக்க இழுக்க மேலும் நனைகிறது. சோக்கையும் போட்டுவிட்டால் நிலைமை இன்னும் கெடும். எனவே கயிற்றை விட்டுவிட்டு, கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்து, பெட்ரோலை நிரப்புக. நனைந்த பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்துக. பிளக் இல்லாத நிலையில் நிறுத்து விசையின் கொக்கியை எடுத்துவிட்டு, சோக்கை மூடாமல் சில முறை கயிற்றை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். கொக்கியை எடுக்காது இழுத்தால், தெறிக்கும் ஆவியில் பொறி பட்டுத் தீ மூளக்கூடும். பிறகு பிளக்கையும் கொக்கியையும் மாட்டிப் பெட்ரோலில் துவக்கலாம்.

எல்லாப் பழியையும் மண்ணெண்ணெயின்மேல் சுமத்துவதும் முறையன்று. எஞ்சின் எவ்வாறு நின்றது என்று படகோட்டியிடம் முதலில் கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும். சட்டென்று நின்றதாயின் நிறுத்து விசையின் கொக்கி கழன்றிருக்கலாம். இதை யாரும் முதலில் பார்ப்பதில்லை என்பது வியப்பே. இருமி இருமி நின்றதாயின் எண்ணெய்த் தொட்டி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று காண்க. அது மூடியிருந்தால் தொட்டியிலிருந்து எண்ணெய் வெளிவராது. எண்ணெயில் நீர் கலந்திருந்தாலும் இவ்வாறே ஆகும். சூடேறி, திணறி நின்று, கயிறும் அசையவில்லையெனில் நீர் புகும் துவாரத்தைப் பாசியோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கக்கூடும். அப்போது பலாத்காரமாக இழுப்பது எஞ்சினையே அழித்துவிடும், ஆறவிட வேண்டும்.

ஆசிரியர்கள் இதை வகுப்புக்கு வெளியே, நெருப்பில்லாத திறந்த இடத்தில், இரு காகிதத் துண்டுகளைக் கொண்டே விளக்கலாம். ஒன்றில் ஒரு துளி பெட்ரோலும் மற்றதில் ஒரு துளி மண்ணெண்ணெயும் இடுக. முதற்கறை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறையும். இரண்டாவது பாடவேளை முடிந்த பின்பும் இருக்கும். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் மீதியைத் தாமே சொல்லிவிடுவர்.

எஞ்சினை நிறுத்துமுன் குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பி, கிண்ணத்தில் உள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை ஓடவிடுவதே சரியான வழக்கம். பெட்ரோல் விலை கருதிப் பலர் இதைத் தவிர்க்கின்றனர். செலவாவது சிறிதளவே என்பதைக் களப்பணியாளர் எடுத்துரைக்க வேண்டும். நீர் புகாத டப்பாவில் ஓர் உலர்ந்த பிளக், அதைக் கழற்றும் சாவி, ஒரு துண்டுத் துணி ஆகியவையும், படகில் ஒரு ஜோடித் துடுப்பும் எப்போதும் இருக்கட்டும்.