கண்ணாடி ஜாடித் தோட்டத்திற்கு ஏற்ற பொருள்கள்

கண்ணாடி ஜாடிக்குள் சிறு செடிகளை நட்டு மூடி வைத்தால், அவை பல வாரங்கள் நீர் ஊற்றாமலே வளர்வதைக் காணலாம். மண்ணும் இலையும் விடும் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, துளிகளாய் வழிந்து மீண்டும் மண்ணையே சேர்கிறது. மழை பெய்யும் விதத்தைப் பள்ளிச் சிறுவர்களுக்கு விளக்க இதனினும் எளிய கருவி வேறில்லை என்பது நமது கருத்து. லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு என்பார், 1829-ஆம் ஆண்டளவில், ஈரமண்ணுடன் மூடி வைத்த குப்பியொன்றில் பெரணி தானே முளைத்ததைக் கண்டு இம்முறையை வகுத்தார். அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகளில்தான், கொய்னா மருந்து தரும் சின்கோனாக் கன்றுகள் 1861-ல் கடல் கடந்து நீலகிரியை அடைந்தன.

நகரங்களில் டெரேரியம் என்று நல்ல விலைக்கு விற்கப்படுவதும் இதுவே. ஆனால் நமக்குச் செலவு தேவையில்லை. மிட்டாய்க் கடையில் ஒதுக்கிய அகன்ற வாய் ஜாடி போதும். பொருள்களைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். பூந்தொட்டியின் அடியில் துளை உண்டு, ஜாடியில் இல்லை. உள்ளே புகுந்த உப்பும் அழுகலும் வெளியேற வழியில்லை.

ஆகவே, வயலில் நன்மை செய்யும் எரு இங்கே தீமையாகிறது. மக்காத சாணம் அழுகி வேரைக் கெடுக்கும். செடிகள் கொழுத்து வளர்ந்தால் ஜாடியும் கொள்ளாது. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு நன்கு மக்கிய இலைமக்கு போதுமானது. கலவையை நனைத்துக் கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். களிமண்ணாக ஒட்டினால் மணலைக் கூட்டுக. கடற்கரை மணல் உப்புடையதாதலால் கூடாது. தென்னை நார்க்கழிவு சேர்ப்போர் அதை இருமுறை நன்னீரில் ஊறவைத்துப் பிழிந்து கொள்ளல் நலம்.

30 செ. மீ. உயர ஜாடியில், அடியில் 3 செ. மீ. அளவுக்குக் கழுவிய செங்கற் சல்லியோ ஓட்டாஞ்சில்லோ பரப்புக. அதன்மேல் கொசுவலைத் துண்டொன்றை இட்டால் மண் கீழிறங்காது. அடுப்புக்கரித் துண்டுகளைச் சிறிது தூவுவது வழக்கம். நாற்றத்தை ஓரளவு தணிக்கும். கரிக்குப் பதிலாகச் சாம்பலை இடலாகாது. பிறகு 6 செ. மீ. மண்.

கிணற்று மேட்டிலும் பழஞ்சுவரிலும் கிடைக்கும் பாசியும் சிறு பெரணியும் இதற்கு உகந்தவை. கள்ளியும் கற்றாழையும் மூடிய ஈரத்தில் அழுகிவிடும். மழைநீரே சிறந்தது, அதுவும் மண் நனையுமளவே. ஜாடியை நேர் வெயிலில் வைத்தால் செடிகள் வெந்துபோகும். வடக்குச் சன்னலருகே வைக்கலாம். கண்ணாடி நாள் முழுதும் மங்கியே இருந்தால் மூடியைச் சில மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். காலையிலும் பனித்துளி காணாவிடில் இரண்டு கரண்டி நீர் விடுக.