கோயிலைத் தாங்கும் ஈர மணல்: அங்கோரை மூன்று பாடவேளைகளில் கற்பித்தல்

அங்கோர் வாட் நம் மாணவர்களுக்குப் புதிய பெயர் அல்ல. கம்போடியாவில் இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டியது, முதலில் விஷ்ணு கோயில், பின்னர் பௌத்தத் தலம். ஒரு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவும் போதும். ஆனால் அந்த இடத்தை இன்று எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டால், வரலாற்றுப் பாடத்தோடு அறிவியலும் புவியியலும் குடிமையியலும் ஒன்றாக வந்து நிற்கின்றன. 9ஆம் வகுப்பில் மூன்று பாடவேளைகளில் இதை நான் நடத்திய முறையை இங்கே பகிர்கிறேன். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு முதல் பாடவேளை மட்டுமே போதுமானது.

தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பழைய கோயில் ஒன்றைப் பாதுகாக்க என்னென்ன செய்ய வேண்டும்?" வேலி போட வேண்டும், காவலர் வேண்டும், சுவரில் பெயர் கிறுக்கினால் அபராதம் போட வேண்டும், முளைத்த செடிகளை எல்லாம் வெட்ட வேண்டும் என்று பதில்கள் வந்தன. தண்ணீர் என்றோ காடு என்றோ ஒருவரும் சொல்லவில்லை. விடைகளைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்காமல் வைத்துக்கொண்டோம்.

முதல் பாடவேளை: தண்ணீரின் வழி

கரும்பலகையில் ஓர் எளிய வரைபடம் போதும். மேலே குலேன் மலை, நடுவே அங்கோர், கீழே தோன்லே சாப் ஏரி. மலையில் பிறக்கும் சியம் ரீப் ஆறு அங்கோர் வழியாக ஏரிக்குப் போகிறது. கி.பி. 802இல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டது குலேன் மலையில்தான். அங்கோர் கோயில்களுக்கான மணற்கல்லும் அந்த மலையடிவாரத்தில் வெட்டி எடுக்கப்பட்டதே. கல்லும் மலையிலிருந்து வந்தது, தண்ணீரும் மலையிலிருந்து வந்தது என்று சொன்னவுடன் மாணவர்கள் படத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

கெமர் மன்னர்கள் ஆற்றைத் திருப்பி, கால்வாய் வெட்டி, பெரும் நீர்த்தேக்கங்களை அமைத்தார்கள். மேற்கு பாராய் என்னும் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 8 கி.மீ. நீளமும் 2 கி.மீ. அகலமும் கொண்டது. அங்கோர் வாட்டைச் சுற்றியுள்ள அகழியின் அகலம் மட்டும் சுமார் 190 மீட்டர். ஏரிப்பாசனம் உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மதகு, வரத்துக்கால்வாய், கலிங்கு என்று அவர்களே சொல்வார்கள்.

இங்கேதான் பாடத்தின் மையம் வருகிறது. அவ்வளவு கனமான கோயில்கள் பாறையின்மேல் நிற்கவில்லை. கெட்டித்த மணலின்மேல் நிற்கின்றன. அந்த மணலில் ஈரம் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கும்வரை பாரத்தைத் தாங்கும். நிலத்தடி நீர் மட்டம் ஏறி இறங்கினால் மணல் நகரும், கல் விலகும். சியம் ரீப் நகரில் சுற்றுலா வளர வளர, விடுதிகளின் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது வல்லுநர்கள் கவலைப்பட்டது இதனால்தான். பழைய கால்வாய்களைத் தூர்வாரியதும், வறண்டு கிடந்த வடக்கு பாராயில் மீண்டும் நீர் தேக்கியதும் பழம்பெருமைக்காக மட்டும் செய்தவை அல்ல. அவை அடித்தளத்தைக் காக்கும் பணியும்கூட.

இதை வகுப்பில் செய்துகாட்டலாம். பிளாஸ்டிக் தொட்டி ஒன்றின் ஒரு பக்க அடியில் துளையிட்டுத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். மணல் நிரப்பித் தண்ணீர் ஊற்றி, மேலே செங்கல் துண்டுகளை அடுக்குங்கள். துணியை எடுத்து நீரை வடியவிட்டு, மீண்டும் ஊற்றுங்கள். ஒரே முறையில் பெரிய மாற்றம் தெரியாது; மூன்று நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அடுக்கின் இரு பக்க உயரத்தையும் அளவுகோலால் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே எண்ணில் சாய்வு தெரிந்துவிடும்.

இரண்டாம் பாடவேளை: மரத்தை வெட்டலாமா?

1186இல் ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக எழுப்பிய கோயில் தா ப்ரோம். அதன் சுவர்களைப் பெரிய மரங்களின் வேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் படத்தை மாணவர்களிடம் காட்டுங்கள். அவற்றில் சில அத்தி, ஆல் இனங்கள். பறவையின் எச்சத்தில் விழுந்த விதை கல்லிடுக்கில் முளைப்பதை நம் கோபுரங்களிலும் பார்க்கிறோம். மற்றொரு பெருமரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் சீனி மர இனத்தைச் சேர்ந்தது.

வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்தேன். ஓர் அணி மரத்தை வெட்ட வேண்டும் என்று வாதிட வேண்டும். மற்றது கூடாது என்று. "வேர் தடிக்கத் தடிக்கக் கல் விலகும், புயலில் மரம் விழுந்தால் மண்டபமே போகும்" என்றது முதல் அணி. "இத்தனை வருஷமா வேர்தான் சுவரைப் பிடிச்சிட்டு இருக்கு. மரத்தை எடுத்தா சுவர் யாரைப் பிடிச்சிட்டு நிக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டும் சரிதான். அங்கே பணியாற்றும் வல்லுநர்களின் சிக்கலும் அதுவே.

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் போனவர்களில் நம் நாட்டவர் இருக்கிறார்கள் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். 1986 முதல் 1993 வரை, கம்போடியா உள்நாட்டுப் போரிலிருந்து மீளாத காலத்தில், இந்தியத் தொல்லியல் துறை அங்கோர் வாட்டில் பணியாற்றியது. பின்னர் தா ப்ரோமைச் சீரமைக்கும் பொறுப்பையும் ஏற்றது. மரங்களை ஆராய டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும், கட்டட உறுதியை ஆராய சென்னை ஐஐடியும் அந்தப் பணியில் சேர்ந்தன. எல்லா மரங்களையும் அகற்றவில்லை. எல்லாவற்றையும் அப்படியே விடவும் இல்லை. மரத்துக்கு மரம் உடல்நிலை பார்த்து, தேவையான இடத்தில் கல்லுக்கும் வேருக்கும் முட்டுக் கொடுத்தார்கள். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதுபோல என்று சொன்னால் ஆறாம் வகுப்பு மாணவருக்கும் புரியும்.

காடு வரலாற்றை மறைக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2012இல் ஹெலிகாப்டரிலிருந்து லைடார் என்னும் லேசர் கருவியால் குலேன் மலையை அளந்தார்கள். இலை இடுக்குகள் வழியே தரையைத் தொட்டுத் திரும்பிய கதிர்கள், மகேந்திரபர்வதம் என்னும் பழைய நகரின் தெருக்களையும் அணைகளையும் காட்டின. அவை மண்ணில் எஞ்சியிருந்த மெல்லிய மேடுபள்ளங்கள். காட்டை அழித்து இயந்திரத்தால் நிலத்தைச் சமன்செய்திருந்தால் அவை கரைந்து போயிருக்கும். குலேன் தேசியப் பூங்காதான். இருந்தும் அங்கே முந்திரித் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்டது. வரைபடத்தை மீண்டும் காட்டி, மலையில் மரம் போனால் ஆற்றுக்கு என்ன ஆகும், ஆற்றுக்கு ஆனால் மணலுக்கு என்ன ஆகும் என்று மாணவர்களையே தொடர்ந்து சொல்ல வைத்தேன்.

மூன்றாம் பாடவேளை: யாரிடமிருந்து, யாருக்காக?

1992இல் அங்கோர் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்தபோதே ஆபத்தில் உள்ளவை என்னும் பட்டியலிலும் இடம்பெற்றது. கண்ணிவெடிகள் ஒருபுறம், சிலைத்தலைகளை அறுத்து விற்கும் கொள்ளை மறுபுறம். 1995இல் அப்சரா என்னும் அமைப்பு உருவாகி, பல நாடுகளும் கைகொடுக்க, 2004இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. ஏறத்தாழ 400 சதுர கி.மீ. பரப்பு இன்று பாதுகாப்பில் இருக்கிறது.

காடு இருந்தும், வேட்டையால் அதன் விலங்குகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. 2013இல் மீட்கப்பட்ட கிப்பன் இணை ஒன்றை அங்கோர் காட்டில் விட்டார்கள். மரக்கிளையில் வாழும் வாலில்லாக் குரங்கு இது. பிறகு வெள்ளி மந்தி, இருவாச்சி, நீர்நாய் என்று ஒவ்வொன்றாகத் திரும்பின. பழம் தின்று விதை பரப்பும் உயிர்கள் இல்லாத காடு, தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாத காடு. இந்த இடத்தில் ஒரு மாணவன், "அதே இருவாச்சி போடுற விதைதானே டீச்சர் நாளைக்குக் கோயில்மேல முளைக்கும்?" என்றான். வகுப்பு சிரித்தது. நல்ல கேள்வி. பாதுகாப்பு ஒருநாளில் முடியும் வேலை அல்ல என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

அடுத்து மனிதர்கள். அங்கோர் எல்லைக்குள் பல தலைமுறைகளாகக் கிராமங்கள் இருக்கின்றன. 2022 முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ரன் தா ஏக் என்னும் புதுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. அவர்கள் விரும்பியே போனார்கள் என்கிறது அரசு. நெருக்கடி கொடுத்து அனுப்பினார்கள் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். இரண்டையும் பலகையில் எழுதினேன். எது சரி என்று நான் சொல்லவில்லை.

எங்கள் பள்ளிக்கு அருகில் கற்படுக்கைகள் உள்ள ஒரு மலை இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடம் என்னும் நீலப் பலகை அங்கே உண்டு. என் வகுப்பில் சிலரது வீட்டு ஆடுகள் அதன் சரிவில்தான் மேய்கின்றன. "அப்ப எங்க அப்பா செய்றது தப்பா?" என்று ஒருவன் கேட்டபோது வகுப்பு அமைதியானது. நினைவுச்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம், 2010ஆம் ஆண்டுத் திருத்தம் ஆகியவற்றைச் சொன்னேன். சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர்வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். பிறகு அவனிடம், "எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்று அப்பாவிடம் கேட்டு வா" என்றேன். மறுநாள் மூன்று சுனைகளின் பெயரோடு வந்தான். அந்தப் பெயர்கள் எங்கள் ஊரைப் பற்றிய எந்த நூலிலும் நான் பார்க்காதவை.

தொடர்பணி

உங்கள் ஊரில் பழைய கோயில், கல்வெட்டு, கற்படுக்கை, கோயில்காடு எது இருந்தாலும் போதும். நான்கு கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுங்கள். அங்கே மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? எந்தெந்த மரங்கள், பறவைகள் உள்ளன? அந்த இடத்தை அன்றாடம் பயன்படுத்துபவர் யார்? பத்து ஆண்டுகளில் என்ன மாறியிருக்கிறது? கடைசிக் கேள்விக்குப் பெரியவர்களிடம் கேட்டே எழுத வேண்டும்.

மதுரை மாவட்டத்து ஆசிரியர்களுக்கு அரிட்டாபட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சமணர் படுக்கைகள், தமிழி கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை, சுனைகள், வல்லூறு இனப் பறவைகள் எல்லாம் ஒரே குன்றுத் தொடரில் உள்ளன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது.

மதிப்பீட்டுக்கு ஆண்டுகளைக் கேட்க வேண்டாம். "குலேன் மலையில் ஒரு மரம் வெட்டப்படுகிறது. அங்கோர் வாட் கோபுரத்துக்கு அதனால் என்ன?" என்று ஒரே வினா கேளுங்கள். மரம், மழை, ஆறு, அகழி, மணல், கல் என்று வரிசை பிசகாமல் எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். அதே வரிசையைத் தன் ஊர் மலைக்கும் எழுதிவந்தால், அதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கச் செய்யுங்கள்.