ஆங்கில வாக்கியத்தில் ‘தான்’ எங்கே?

தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வருவோர் ஆங்கில அறிவியல் நூல்களில் தடுமாறுவது பெரும்பாலும் கலைச்சொற்களால் அன்று. ‘ஒன்லி’, ‘ஆல்தோ’, ‘பட்’ போன்ற சிறு சொற்களும், இடம் மாறி நிற்கும் துணைவினைகளுமே அவர்களை இடறச் செய்கின்றன. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நீரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காண்போம்.

பருத்தித் துணியில் சாயம் நன்கு ஏறுவதற்காகச் சாயத் தொட்டியில் உப்பு சேர்க்கிறார்கள். அது துணியில் தங்காமல் கழிவு நீரோடு வெளியேறுகிறது. நிறத்தை நீக்கினால் நீர் தெளிந்துவிடும்; கரைந்த உப்போ அப்படியே இருக்கும். சாதாரண வடிகட்டி அதைத் தடுக்காது. மெல்லிய சவ்வின் வழியே நீரை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறை தேவை. நொய்யலில் கழிவு நீர் கலந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

இனி வாக்கியங்களைப் பார்ப்போம். அவற்றை ஒலிப்பின்படியே தருகிறேன்.

1. “ஒன்லி வென் த சால்ட் ஈஸ் ரிமூவ்ட் கேன் த வாட்டர் பி ரீயூஸ்ட்.”

‘கேன்’ எழுவாய்க்கு முன் வந்தாலும் இது வினா அன்று. ‘ஒன்லி வென்’ தலைப்பில் ஏறியதால் துணைவினை முன்னே வந்தது. “உப்பை நீக்கினால்தான் நீரை மீண்டும் பயன்படுத்த முடியும்” என்பது பொருள். ‘நீக்கினால்’ என்று மட்டும் எழுதினால், நீக்காமலும் பயன்படுத்தலாமோ என்ற ஐயத்திற்கு இடம் உண்டு.

2. “ஹேட் த சால்ட் பீன் ரிமூவ்ட், த வெல்ஸ் வுட் நாட் ஹேவ் டர்ன்ட் சால்ட்டி.”

இங்கு ‘இஃப்’ மறைந்திருக்கிறது. “உப்பை நீக்கியிருந்தால் கிணறுகள் உவர்ப்பாகியிரா.” அதாவது, உப்பு நீக்கப்படவில்லை! நீக்கினார்கள் என்று படிப்பவர் நேர்மாறான பொருளைக் கொள்வார்.

3. “ஆல்தோ த வாட்டர் ஈஸ் கிளியர், இட் ஈஸ் சால்ட்டி.”

பலர் இதன் நடுவே ‘பட்’ சேர்க்கின்றனர். “நீர் தெளிவாக இருந்தாலும் ஆனால் உவர்க்கிறது” என்று சொல்லிப் பாருங்கள், செவி ஏற்காது. ‘ஆல்தோ’ என்பது நம் ‘இருந்தாலும்’. ‘பட்’ என்பது நம் ‘ஆனால்’. இரண்டில் ஒன்று போதும்.

4. “நாட் ஒன்லி ஈஸ் த வாட்டர் கலர்ட், பட் இட் ஈஸ் ஆல்சோ சால்ட்டி.”

இங்கே ‘பட்’ முரணைக் காட்டவில்லை. ஒன்றோடு மற்றொன்றைச் சேர்க்கிறது. “நீர் நிறமாக இருப்பது மட்டுமன்று, உவர்ப்பாகவும் இருக்கிறது.” இங்கு ‘ஆனால்’ என்று எழுதுவது பிழை.

தமிழில் ‘தான்’, ‘உம்’ போன்ற இடைச்சொற்கள் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் தனிச் சொற்களும் சொல்வரிசையும் சேர்ந்து செய்கின்றன.

உங்களுக்கு ஒரு பயிற்சி: “ஒன்லி வென் எ நெட் ஃபோர்ஸ் ஆக்ட்ஸ் டஸ் த வெலாசிட்டி சேஞ்ச்.” வேறு துணைவினை இல்லாததால் ‘டஸ்’ துணைக்கு வந்திருக்கிறது. இதைத் தமிழாக்குங்கள். பிறகு ‘தான்’ என்பதை நீக்கிப் படியுங்கள். விசை செயல்பட்டால் திசைவேகம் மாறும் என்பது எஞ்சும். விசை இல்லையேல் மாறாது என்பது மறைந்துவிடும். மறைந்தது எது தெரியுமா? நியூட்டனின் முதல் விதி!