வாட்டை நம்பி வாங்காதே

பாஞ்சாலங்குறிச்சி

அன்புள்ள தம்பிக்கு,

ஆச்சியின் முழங்கால் வலிக்குச் சிவப்பு ஒளிப் பேனல் வாங்க வேண்டும், எத்தனை வாட் எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். எல்லாரும் இதையே கேட்கிறார்கள். எனக்கு எரிச்சலே அதுதான். பெட்டியில் போட்டிருக்கும் ஆயிரம் வாட் பெரும்பாலும் உள்ளே உள்ள எல்.இ.டி.களின் உச்சத் திறனைக் கூட்டிய கணக்கு. பேனல் இழுக்கும் மின்சாரம் அதைவிட வெகு குறைவு. தோலில் விழும் ஒளி அதிலும் குறைவு.

முதலில் அலைநீளத்தைப் பார். அலைநீளம் மாறினால் ஒளி ஊடுருவும் ஆழமும் மாறும். நம் கடலடியில் முத்துச்சிப்பி விளையும் முத்துப்பார்களையே எடுத்துக்கொள். தெளிந்த நீரிலும் பத்து மீட்டர் இறங்கினால் 660 நானோமீட்டர் சிவப்பில் நூற்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அங்கே கையில் சிப்பி கீறினால் ரத்தம் பச்சையாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத 850 ஒளியோ முதல் மீட்டரிலேயே ஏறக்குறைய தீர்ந்துவிடும். உடம்பில் இந்தக் கணக்கு தலைகீழ். ஒளி கடப்பது சில மில்லிமீட்டர்தான். அங்கே தடுப்பதில் நீரைவிட ரத்தத்துக்கும் தோல் நிறமிக்கும் பங்கு அதிகம். தோல் நிறமியும் ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் 850-ஐவிட 660-ஐ அதிகம் விழுங்கும். ஆகவே மேல்தோலுக்கு 630–660, மூட்டுக்கு 810–850. சிவப்புச் சாயம் பூசிய பல்பு இதில் சேராது.

அடுத்தது அளவு. உட்காரும் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் விழுகிறது என்று கேள். 40 என்றால் 100 விநாடியில் அந்தச் சதுர சென்டிமீட்டருக்கு 4 ஜூல். தூரத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்பவனிடம் வாங்காதே. நேரத்தைக் கூட்டினால் குணம் கூடும் என்பதும் தப்பு. அளவு மீறினால் பலன் குறைவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

2019-இல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் வந்த தொகுப்பாய்வு, முழங்கால் தேய்மானத்தில் 785–860 நானோமீட்டர் லேசரை ஒரு புள்ளிக்கு 4–8 ஜூல் கொடுத்தபோது வலி குறைந்தது என்கிறது. அது புள்ளி புள்ளியாக லேசர் கொடுத்த சிகிச்சை. தள்ளி நிற்கும் பேனலுக்கு அதே பலனை எழுதிக் கொடுக்க முடியாது.

கண்ணை மறைக்காமல் ஆச்சியை உட்கார விடாதே. டாக்சிசைக்கிளின் போல வெயில் ஒவ்வாமை உண்டாக்கும் மாத்திரை சாப்பிட்டால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதே. வலி எதனால் என்று எலும்பு மருத்துவர் சொன்ன பிறகு பேனலைப் பற்றி யோசி. அதுவரை பணத்தைப் பத்திரமாக வைத்திரு.

அன்புடன்,
உன் ஆசிரியர்